முகம் போடாத படம்

கையை இவ்வளவு துல்லியமாக வரைந்திருக்க வேண்டாம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு மேசைமேல் அவளுடைய வரைபுத்தகம் விரிந்து கிடந்தது. அதன்மேல் குனிந்திருந்தார், விசாரணைக்கு வந்த இருவரில் மூத்த அதிகாரி. இளையவர் கதவை ஒட்டி நின்றார்.

"மைக் ஒயர் எத்தனை சுத்துன்னுகூட எண்ணலாம் போல. சட்டைப் பொத்தான், கை நரம்பு, எல்லாம் இருக்கு. முகம் எங்கம்மா?"

"முகம் கடைசியிலதான் போடுவேன் சார். அன்னிக்கு நேரம் பத்தல."

வாரப் பத்திரிகைகளுக்குப் படம் வரைவது அவள் தொழில். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் அவளுக்கே அவளுக்கு. அச்சகத்து மாடியில் நாற்பது நாற்காலி போட்ட ஒரு கூடம். யாராவது ஒருவர் மைக்கைப் பிடித்துத் தனியாக நின்று சிரிக்க வைப்பார். முதல் வரிசையில் உட்கார்ந்து அவள் வரைவாள். அடுத்த வரி எடுபடுமா என்ற பயம் முதலில் பேசுகிறவர் தோளில்தான் ஏறும். அந்தத் தோளைப் பிடித்துவிட்டால் ஆள் தானாகத் தாளில் வந்து நின்றுவிடுவார். அதற்காகவே ஒரு வாரம்கூடத் தவறாமல் போனாள். காகித முகமூடி போட்டுக்கொண்டு, குரலை மாற்றிப் பேசுகிறவனை மட்டும் ஒரு வருஷமாக முப்பது தடவையாவது வரைந்திருப்பாள்.

அதிகாரி சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் படித்தார். மளிகைப் பட்டியல் படிப்பது மாதிரி படித்தார்.

"'எங்க வீட்டுச் சமையலறையில நாட்டுத் தலைவர் படத்தை மாட்டினதுலேர்ந்து பால் பொங்கறதே இல்ல. பொங்கினா, தூண்டிவிட்டது யாருன்னு விசாரணை வருமாம்.' இதைச் சொன்னானா?"

கதவருகில் இளையவருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"தண்ணி வேணுமாய்யா?" என்றார் மூத்தவர், திரும்பாமல்.

"வேண்டாம் சார்."

"போன சனிக்கிழமை பேச்சு நடுவுல முகமூடிக் கயிறு அறுந்து விழுந்திருக்கு. நாற்பது பேர் முகத்தைப் பார்த்திருக்கீங்க. முப்பத்தொன்பது பேரை விசாரிச்சாச்சு. ஒருத்தர் கண்ணுல விளக்கு அடிச்சுதாம். மத்தவங்க எல்லாம் சரியா அந்த நேரம் பார்த்து எதையோ எடுக்கக் கீழ குனிஞ்சாங்களாம். இப்படி ஒத்துமையா குனிஞ்ச சபையை நான் என் சர்வீஸ்ல பார்த்ததில்ல."

அவள் சிரிக்கவில்லை.

"நான் அப்பவே சொன்னேன் சார், இவளுக்கு எதுக்கு இந்தக் கிறுக்குன்னு" என்றார் அவள் கணவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள் கட்டோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க அங்க போனதில்லையா?"

"சனிக்கிழமை எனக்குத் தனி வகுப்பு சார். சிரிப்புக்கும் எனக்கும் ரொம்ப தூரம். என் வகுப்புல இதுவரைக்கும் ஒரு பையன் சிரிச்சதில்ல."

மூத்தவர் அவள் பக்கம் திரும்பினார். "பென்சில் இருக்கு. காகிதம் இருக்கு. ஒரு தடவை பார்த்த முகம் உங்களுக்கு மறக்காதுன்னு பத்திரிகை ஆபீஸ்ல சொன்னாங்க. வரைஞ்சு குடுங்க, போயிடறோம். இல்லேன்னா நீங்க எங்களோட வரணும். எப்ப திரும்புவீங்கன்னு என்னால சொல்ல முடியாது."

எதிர்வீட்டு ஒலிப்பதிவாளர் ஒரு பகலில் இப்படி வந்தவர்களோடுதான் போனார். ஏழு மாதம் கழித்துத் திரும்பியவர், இன்றைக்கும் ஜன்னலைத் திறப்பதில்லை. யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே எழுந்து நிற்கிறார்.

"வரைஞ்சு குடுத்துடும்மா" என்றார் கணவர்.

அவள் பென்சிலை எடுக்காததால் அவரே தொடர்ந்தார்.

"அவன் தெரிஞ்சுதானே மேடை ஏறினான்? அதுக்கு நீ ஏன் பதில் சொல்லணும்? உனக்கு ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"சார் விவரமானவர்" என்றார் மூத்தவர். இளையவர் மட்டும் கணவரை ஒரு புழுவைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கணவர் எழுந்து வந்து அவள் விரல்களுக்கு இடையில் பென்சிலைச் செருகினார். "கண்ணு, மூக்கு எல்லாம் சரியா போடு. தப்பா போட்டு, சம்பந்தமில்லாத எவனாவது மாட்டிக்கக் கூடாது."

பென்சில் தாளைத் தொட்டது. புருவம் ஒரே இழுப்பில் வந்துவிடும். கண்ணும் வந்துவிடும். அவள் கைக்கு அந்த முகம் அவ்வளவு பழக்கம். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. இன்னும் ஒரு நிமிஷம் பிடித்திருந்தால் கை தானாகவே வரைந்துவிடும்.

பென்சிலைக் கீழே வைத்தாள்.

"முடியாதுங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன். கிளம்பலாம்."

"சார், ஒரு நிமிஷம், நான்..." என்று கணவர் ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் தணிந்த குரலில். "நாளைக்குப் பசங்களுக்கு விடைத்தாள் குடுக்கணும். திருத்துங்க."

மூத்தவர் வரைபுத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். இளையவர் கதவைத் திறந்து விலகி நின்றார்.

போன சனிக்கிழமை கயிறு அறுந்ததும் மேடையில் அவள் பார்த்தது, பதினோரு வருஷமாகக் காலையில் கண் விழித்ததும் பக்கத்துத் தலையணையில் பார்க்கிற முகம். அறையை விட்டு வெளியேறும்வரை அந்த முகத்தை மட்டும் பார்த்துவிடக் கூடாதென்று, சுவரைப் பார்த்தபடியே அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.