கட்டுரையாளருக்கு ஒரு குறிப்பு

ஆறாம் பக்கத்தின் ஓரத்தில் பேராசிரியர் எழுதினார்: "தண்ணீர் இரட்சிப்பதில்லை. கிருபைதான் இரட்சிக்கிறது. இது பாலபாடம்."

கட்டுரையை எழுதியது யாரென்று அவருக்குத் தெரியாது. குறை சொல்வது யாரென்று எழுதியவருக்கும் தெரியாது. அந்த இறையியல் சஞ்சிகையின் ஏற்பாடு அப்படி. பிரசுரிப்பதா வேண்டாமா என்பது மட்டும் அவர் கையில்.

"இன்னிக்கு யார் தலைய உருட்டுறீங்க?"

அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்.

சாகக் கிடக்கும் சிசுக்களுக்கு அவசர ஞானஸ்நானம் கொடுப்பது பற்றிய கட்டுரை. ஏழாம் பக்கத்தில் ஓர் உதாரணம். பிறந்து ஆறு நாளான ஆண் குழந்தை. மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது. ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லித் தாய் கெஞ்சுகிறாள். போதகர் மறுக்கிறார்.

'இது இல்லாமலே தேவன் இவனை ஏற்றுக்கொள்வார். சடங்கை நான் தாயத்தாக்க மாட்டேன்.'

சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி அறையின் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

அவர் நெஞ்சு கல் என்றது கட்டுரை.

பேராசிரியர் பேனாவை அழுத்தினார். "போதகர் செய்தது சரி. கட்டுரையாளர் உணர்ச்சிவசப்படுகிறார்."

இதே விஷயத்தில் இரண்டு கட்டுரைகளை ஏற்கெனவே திருப்பி அனுப்பியிருக்கிறார். மூன்றாவதும் தப்பாது.

பக்கத்தைப் புரட்டினார்.

போதகர் போனபின், தாய் மருந்துச் சொட்டுக்குழாயைக் கழுவினாள். அதில் தண்ணீர் எடுத்துக் குழந்தையின் நெற்றியில் மூன்று சொட்டு விட்டாள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. அவனுக்கென்று ஒரு பெயர் சொல்லித்தான் ஞானஸ்நானம் கொடுத்தாள். ஒரு மணி நேரத்தில் குழந்தை அடங்கிவிட்டது.

கீழே, அடிக்குறிப்பில்: 'தாயுடன் நேர்காணல். போதகரான தன் கணவரிடம் முப்பத்தொரு ஆண்டுகளாக இதைச் சொன்னதில்லை என்றார். தாய் கேட்டுக்கொண்டபடி குழந்தையின் பெயர் இங்கே தரப்படவில்லை.'

பேராசிரியர் எழுந்து அடுத்த அறையின் வாசலுக்குப் போனார்.

அவள் போர்வையின் முனையை மோவாயில் இடுக்கிக்கொண்டு நீள மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

பெயர் வைக்கும் முன்பே தங்கள் பையன் போய்விட்டான் என்றுதான், போதகராக இருந்த நாளிலிருந்து இத்தனை காலமும் அவர் எல்லோரிடமும் சொல்லிவந்தார். அவளும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல."

திரும்பி வந்து உட்கார்ந்தார். தாளின் அடியில், சின்ன எழுத்தில் எழுதினார்:

"குழந்தையின் பெயர் தேவை. அச்சிட வேண்டாம். தெரிவித்தால் போதும்."