ஒன்பதாம் நாள் தறிச் சத்தம்

நூல் விலை குறையும்வரை எந்தத் தறியும் ஓடக்கூடாது என்று நெசவாளர் சங்கம் முடிவெடுத்து ஒன்பது நாளாகிறது. மீறுகிறவனின் தறியில் பூட்டிய பாவு நூலை அறுத்துவிட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவனே செயலாளர் சுப்பராமன்தான். போராட்டப் பந்தலே கதியென்று கிடந்தவன், தெருவில் தறி ஓடுகிறது என்ற தகவல் வந்ததும் பத்துப் பேரோடு கிளம்பினான்.

தெருமுனையில் நின்று காது கொடுத்தான். தடக், தடக். சந்தேகமே இல்லை, ஹாலாஸ்யம் வீட்டுப் பக்கம்தான். அவன் சிக்க மாட்டானா என்று மூன்று வருஷமாகக் கறுவிக்கொண்டிருந்தான் சுப்பராமன்.

கதவை உதைத்து உள்ளே போனபோது சத்தம் நின்றிருந்தது. ஹாலாஸ்யம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஆளக் கண்டதும் தறிய விட்டுட்டு சோத்துல கைய வச்சுட்டியாக்கும்?"

"என் தறி ஓடலப்பா. தொட்டுப் பாரு, தூசி படிஞ்சு கெடக்கு."

"பின்னே எவன் தறிடா ஓடுச்சு?"

"நான் சொன்னா நீ நம்ப மாட்டே."

"அறுங்கண்ணே, என்ன பேச்சு!" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"எட்டுச் சேலைக்கான பாவு, சுப்பராமா. மக கல்யாணமே அத நம்பித்தான் இருக்கு."

"சங்கத்துக்குத் துரோகம் செய்யுறப்ப மக ஞாபகம் வரலையாக்கும்?"

கத்தி இறங்கியது. விறைத்து நின்ற நூலெல்லாம் அறுந்து தறிக்குழிக்குள் சரிந்தது.

அப்போது மறுபடியும் கேட்டது. தடக், தடக், தடக்.

பத்துப் பேரும் நடுச்சுவரைத் திரும்பிப் பார்த்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் சுப்பராமன் வீடு. தறியில் அவன் மனைவி நாகலக்ஷ்மி.

ஹாலாஸ்யம் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான்.

"நட சுப்பராமா, நானும் வாரேன். கத்திய மடக்கிராத."