குளத்துக்கு ஒரு வேலி

"அடுத்து, குளத்துக்கு வேலி போடும் தீர்மானம். தெருக்காரர்கள் சார்பில் பேச வந்திருப்பவர் எழுந்து வரலாம்" என்று தலைவர் சொன்னதும், பொதுமக்கள் வரிசையிலிருந்து என் கணவர் எழுந்தார்.

அவரேதான்.

நான் நகரமன்ற உறுப்பினர்கள் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். எதிர்வீட்டு அக்காதான் பேசப்போகிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். காலையில் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிய மனுஷன் இங்கே வந்து நிற்கிறார்!

சாதாரணமாகவே அவர் வாயில்லாப் பூச்சி. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று கல்யாணமான புதிதில் கேலி செய்திருக்கிறேன். எங்கள் பாப்பா அந்தக் குளத்தோடு போன பிறகு இருந்த கொஞ்சப் பேச்சும் நின்றுபோனது.

குளத்தைப் பற்றி அவர் முன்னால் நான் வாயே திறக்கமாட்டேன், அழுதுவிடுவார் என்று. என் முன்னால் அவர் திறக்கமாட்டார், நான் அழுதுவிடுவேன் என்று. இப்படியே ஒரே வீட்டில் இருந்துகொண்டிருந்தோம்.

அப்படிப்பட்டவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

பள்ளிக்கூடத்துக்கும் குளத்துக்கும் நடுவில் ஒரு கயிறுகூடக் கட்டவில்லையே என்றார். பந்து உருண்டால் பிள்ளைகள் யோசிக்காமல்தான் ஓடும், யோசிக்க வேண்டியது நாமல்லவா என்றார். அதுவரைக்கும் நன்றாகத்தான் போனது. அப்புறம் குரல் உடைந்துவிட்டது.

"எம் பொண்ணுக்கு நீச்சல் கத்துத் தரணும்னு இருந்தேங்க. அடுத்த லீவுல, அடுத்த லீவுலன்னு தள்ளிப் போட்டுட்டேன்."

இதை அவர் என்னிடம்கூடச் சொன்னதில்லை. இதையா மனசுக்குள் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்?

வேலி போட்டால் குளத்தின் அழகு கெட்டுவிடும், மாலையில் நடக்க வருகிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று ஆரம்பத்திலிருந்தே முட்டுக்கட்டை போட்டவர் ஒருவர் உண்டு. மீசைக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். அவர்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து என்ன? ஓட்டெடுப்பில் அந்தக் கை மேலே போகாது. கண்ணீர் வேறு, கட்சி வேறு.

ஆனால் அவர் கை எனக்குத் தேவைப்படவில்லை. ஒவ்வொரு உறுப்பினர் வீட்டு வாசலாக ஏறி இறங்கியிருந்தேன். ஒருவரிடம் கெஞ்சினேன், ஒருவரைப் புகழ்ந்தேன், ஒருவர் மகனுடைய பாட்டைப் பொறுமையாக உட்கார்ந்து கேட்டேன். என் கையையும் சேர்த்து, எதிர்ப்பவர்களைவிட ஒரே ஒரு கை அதிகம் தேறியது. சரிபாதியாக வந்தால் தீர்மானம் தோற்றுப்போகும். ஆனால் அந்த ஒரு கை போதும். வேலி வந்துவிடும். வீட்டில் அவரிடம் மூச்சு விடவில்லை. கம்பி நட்ட பிறகு கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம் என்று இருந்தேன்.

கணவர் பேசி முடித்து உட்கார்ந்தார். செயலாளர் எழுந்து என் பின்னால் வந்து குனிந்தார். காதோடு ஏதோ சொன்னார்.

நான் எழுந்து வெளியே நடந்தேன்.

பக்கத்து நாற்காலி அம்மா என் கையை லேசாக அழுத்தினார். பாவம், பெற்ற வயிறு, தாங்கவில்லை என்று சபை முழுக்க நினைத்தது. கணவரும் அப்படித்தான் பார்த்தார்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். அலுவலக உதவியாளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அழுகை வரவில்லை. செயலாளரை ஓங்கி அறையலாம் போலிருந்தது. அவர் மேல் என்ன தப்பு? நல்ல மனுஷன்.

கதவு சரியாகச் சாத்தவில்லை.

ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். செயலாளர் எண்ணுவது கேட்டது. எதிர்ப்பவர்கள் தூக்கலாம் என்றார். மறுபடி எண்ணினார்.

சரிபாதி, தீர்மானம் தோற்றது என்றார். அதே மூச்சில், அடுத்தது தெருவிளக்கு என்றார்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இது வாய் வரைக்கும் வந்துவிட்டுப் போனது.

கணவர் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். காலர் வேர்வையில் நனைந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒரே ஒரு கைதான் குறைஞ்சுது. ரெண்டு நிமிஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு உள்ளயே இருந்திருக்கலாமேம்மா."

கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

உறுப்பினருடைய கணவரோ மனைவியோ ஒரு கோரிக்கைக்காகப் பேசினால், அந்த உறுப்பினர் அதற்கு வாக்களிக்கக் கூடாது. எழுந்து வெளியே போய்விட வேண்டும். செயலாளர் என் காதில் சொன்னது அதைத்தான். எனக்குத் தெரிந்த விதிதான்.

நேற்று ராத்திரி இவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வேண்டாங்க, எதிர்வீட்டு அக்காவே பேசட்டும் என்று தடுத்திருப்பேன். வேலிக்குக் கை சேர்த்துவிட்டேன் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இவர் வந்தே இருக்கமாட்டார்.

நாளைக்கே யாராவது இவரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுவார்கள். ஊர் வாயை மூட முடியாது. ஆனால் நீச்சலைத் தள்ளிப் போட்டவர் என்று ஏற்கெனவே தன்னைத்தானே தின்றுகொண்டிருக்கிற மனுஷன். இன்றைக்கு ஒரு ராத்திரியாவது தூங்கட்டும்.

"தாங்க முடியலங்க" என்றேன். "அதான் எழுந்து வந்துட்டேன்."