முதல் டிக்

“விரலை எல்லாம் மடக்கி உள்ள வைங்க. நான் விரலைப் பாக்கறவன் இல்ல, லிஸ்ட்டைப் பாக்கறவன்!”

தன் நிலத்தில் வேலை செய்கிறவர்களைக் களத்துமேட்டில் கூட்டி வைத்து, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் சுப்பிரமணி. போன தேர்தலில் யாரோ மை மாதிரியே கறை பிடிக்கும் சேங்கொட்டைச் சாற்றை விரலில் தடவிக்கொண்டு வந்து, ஓட்டுப் போட்டதாக அவரை ஏமாற்றிவிட்டார்கள். அதிலிருந்து மையை அவர் நம்புவதில்லை.

பட்டியலோடு பக்கத்தில் நின்றாள் அவர் மருமகள் சுதா. நேற்று வாக்குச்சாவடியில் அவர் கட்சி ஏஜெண்டாக உட்கார்ந்து, ஓட்டுப் போட வந்தவர்களின் பெயருக்கு நேரே டிக் அடித்தவள் அவள்தான்.

“ஓட்டுப் போடாதவன் நாளையிலேர்ந்து என் நெலத்துல கால் வைக்கக் கூடாது. படிம்மா.”

மாசி கூட்டத்தின் பின்னால் நகர்ந்து நின்றான். அவருடைய மோட்டார் கொட்டாய்க்கு அவன்தான் காவல். பெண்டாட்டி பிள்ளைகளோடு குடியிருப்பதும் அதை ஒட்டிய குடிசையில்தான். மகளின் சாதிச் சான்றிதழுக்காக மூன்று வருஷம் அலைந்தும் எந்தக் கட்சிக்காரனும் உதவவில்லை. அந்த வெறுப்பில் நேற்று ஓட்டுப் போடாமல் ஏரிக்கு மீன் பிடிக்கப் போய்விட்டான்.

“சுதா, டிக்,” என்று தன் பெயரிலிருந்தே தொடங்கினாள் அவள்.

“பாத்துக்கோங்க! மொத டிக்கு எங்க வூட்டு மருமகளுது!” மீசையைத் தடவிக்கொண்டார் சுப்பிரமணி.

“செவ்வந்தி, டிக். பச்சமுத்து, டிக். கன்னியப்பன்... டிக் இல்ல மாமா.”

“எங்கடா அவன்?”

“அது எங்க சித்தப்பன், ஐயா. செத்து ஆறு மாசம் ஆவுது. நீங்கதான மால போட்டீங்க!” என்றான் பச்சமுத்து.

களமே சிரித்தது.

“சரி, அவன வுடு. அடுத்தது?”

“மாசி.”

அவன் தோளில் கிடந்த துண்டை இறுக்கிப் பிடித்தான்.

“டிக்.”

கடைசிப் பெயரையும் படித்து முடித்தபோது சுப்பிரமணி எழுந்தார். “செத்தவனத் தவிர நூத்துக்கு நூறு! எங்கிட்ட எவனும் டிமிக்கி குடுக்க முடியாது!” வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

கூட்டம் கலைந்ததும் மாசி தயங்கித் தயங்கி சுதாவிடம் வந்தான்.

“சின்னம்மா... நான் நேத்து பூத்து பக்கமே வரல.”

“தெரியும்ணே. காலைலேர்ந்து அந்த வாசலத்தான பாத்துக்கினு இருந்தேன்.”

“ஐயாவுக்குத் தெரிஞ்சா உங்களுக்கில்ல பேஜாரு? எனக்காவ எதுக்கும்மா...”

“போடறதும் போடாததும் அவங்கவங்க இஷ்டம். ஊரக் கூட்டி வெச்சிப் படிக்கிற சமாச்சாரமா அது?”

அவனுக்குக் கண் கலங்கியது. “எங்க குடிசையக் காப்பாத்திக் குடுத்துட்டீங்க. சாவுற வரிக்கும் மறக்க மாட்டேன்,” என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

“ஐயோ, என்னப் போயி கும்பிடாதண்ணே!”

பதறித் தடுக்கக் கையை நீட்டினாள். இவ்வளவு நேரமும் பட்டியலுக்கு அடியில் இருந்த இடது கை.

அதன் ஆள்காட்டி விரலில் ஒரு பொட்டு மைகூட இல்லை.