சாயும் கோடு

சோதனையில் இருக்கும் கருவி நுண்ணலையின் வலிமையை எவ்வளவு ஏற்றி இறக்கினாலும் அதன் கட்டம், அதாவது அலையின் முகடும் பள்ளமும் வரும் நேரம், நகரக் கூடாது. திரையில் அந்தப் பச்சைக் கோடு அசையாமல் படுத்துக் கிடக்க வேண்டும். செண்பகவல்லி குமிழைத் திருகினாள். பாதியைத் தாண்டியதும் கோடு சாய்ந்தது.

"பாதி வரைக்கும் அளந்ததை மட்டும் ரிப்போர்ட்ல போடும்மா. மீதியை யார் கேக்கப்போறா?" என்றார் ஆய்வகத் தலைவர் குருபரன்.

"கோடு சாயுது சார். நான் கையெழுத்துப் போடமாட்டேன்!" என்று கத்தினாள்.

"முதல்ல குரலைக் குறை."

குறைத்தாள். "கோடு சாயுது சார். நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"இன்னும் குறை. எல்லாரும் பாக்கிறாங்க."

கிசுகிசுத்தாள். அதே சொற்கள், அதே வரிசை.

"போதும், வாயை மூடு."

இப்போது அவள் உதடுகள் மட்டும் அசைந்தன. கடைசி மேசையில் கம்பிகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்தவர்வரை எல்லோருக்கும் கேட்டது.