வெடித்த நட்சத்திரத்துக்கு ஒரு சொந்தக்காரன்

வாசலில் கோபிநாத்தைப் பார்த்ததும் சுடர்விழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் ஒரு பை ஆப்பிள் வேறு.

"மாமாவுக்கு இப்ப எப்படிக்கா இருக்கு?"

"இருக்காரு" என்றாள். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"வா மாப்ள" என்று கட்டிலிலிருந்து கூப்பிட்டது அவள் கணவன் சேரன்தான். விராலிமலை பைபாஸில் லாரி இடித்ததிலிருந்து அவனுக்கு வாக்கர் இல்லாமல் நடமாட்டம் இல்லை.

அவனோடு அவளுடைய ஆராய்ச்சியும் படுத்துவிட்டது. அவள் ஆராய்ந்தது என்றைக்கோ வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தை. மிச்சம் இன்னும் கொதித்து எக்ஸ்ரே கதிர்களை வீசிக்கொண்டிருக்கிறது. காற்று மண்டலம் அவற்றைத் தடுத்துவிடுவதால் செயற்கைக்கோள் வழியாகத்தான் பார்க்க முடியும். இரண்டு முறை விண்ணப்பம் தள்ளுபடியாகி, மூன்றாவது முறைதான் வாய்ப்புக் கிடைத்தது. செயற்கைக்கோள் அனுப்பிய டேட்டா ஒரு வருடம் அவளுக்கு மட்டும். பிறகு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

அந்த ஒரு வருடம் பெட்பேனும் பிசியோதெரபியுமாகவே போய்விட்டது.

கெடு முடிந்த கையோடு, ஆராய்ச்சிக் குழுவின் ஆன்லைன் மீட்டிங்கில் "அத நான் பண்றேன்" என்று சொன்னவன் இந்தக் கோபிநாத். ஒருவர் அப்படிச் சொல்லிவிட்டால் குழுவில் மற்றவர்கள் தொடமாட்டார்கள். ஒரே கைடிடம் படிப்பவன், அக்கா அக்கா என்று அவள் டிபன் பாக்ஸில் பாதியைத் தின்றவன். விஷயம் காதுக்கு வந்ததிலிருந்து அவன் போனை அவள் எடுப்பதில்லை.

"எவ்வளவு முடிச்சிருக்கீங்கக்கா?"

"எதுக்குக் கேக்குற? ஒன் பேப்பர்ல சேத்துக்கவா?"

"சுடரு..." என்றான் சேரன்.

"நீங்க சும்மா இருங்க. கோபி, சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்ல. எடுத்தது எடுத்துட்ட. பேப்பர் எப்ப வருது, அத மட்டும் சொல்லு. நானும் பிஎச்டிய தலைமுழுகிட்டு நிம்மதியாத் தூங்குறேன்."

கோபிநாத் தரையைப் பார்த்தான். "பேப்பரெல்லாம் இல்லக்கா. அந்த டேட்டாவ நான் இன்னும் டவுன்லோடுகூடப் பண்ணல."

"இத்தன மாசமாவா?"

"ஒவ்வொரு மீட்டிங்லயும் 'எங்கப்பா ரிசல்ட்டு'ன்னு சார் காய்ச்சி எடுக்குறாரு. அது இதுன்னு சொல்லிச் சமாளிக்கிறேன். இனிமே தாங்காது. நீங்க போன எடுக்க மாட்டேங்கிறீங்க, அதான் நேர்லயே வந்தேன்."

"பண்ணப் போறதில்லன்னா, பண்றேன்னு எதுக்குச் சொன்ன?"

"லீவுல இருக்கவங்களுக்காக எடுத்து வைக்க முடியாதுன்னுட்டாங்க. ரெண்டு பேரு கை தூக்கப் பாத்தாங்க. நான் முந்திக்கிட்டேன்."

ஆப்பிள் பையை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னான்:

"பஸ் ஜன்னல் வழியா துண்டு போட்டு வைப்போம்ல, அந்த மாதிரிதான். சீக்கிரம் வந்து ஒக்காருங்கக்கா."