வலது பக்கப் பழக்கம்

"மாதாவே, இந்தத் தடவையும் என்னைக் கைவிட்டுடாதே!"

கழுத்துப் பதக்கத்தைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தாள் யுலெய்சி. இன்னொரு கை ஸ்டியரிங்கில் இருந்தது. டிரைவிங் டெஸ்டில் மூன்று முறை ஃபெயிலானவள். இது நாலாவது.

கார் ஜன்னலுக்கு வெளியே அவளுடைய அப்பா ஒஸ்வால்தோ குனிந்து நின்றார். வெனிசுவேலாவிலிருந்து படகேறி கயானாவுக்குப் பிழைக்க வந்தவர். வந்த இடத்தில் மரம் அறுக்கும் ஆலையில் ஒரு கண்ணைப் பறிகொடுத்ததால் அவருக்கு லைசென்ஸ் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டு வாசலில் மீன் வேன் ஆறு வாரமாகச் சும்மா நிற்கிறது.

"இன்னைக்கு மட்டும் பாஸாகிடும்மா. நாளைக்குக் காலையிலயே வேன் சாவி உன் கையில" என்றார். அதட்டலே இல்லை, வெறும் கெஞ்சல்தான்.

தேர்வு அதிகாரி பாஸ்கம் கையில் காகிதங்களோடு வந்தார். ஒஸ்வால்தோ அவரையும் விடவில்லை.

"சார், இவ அண்ணனும் இதே மைதானத்துலதான் பாஸானான். அப்ப அவனுக்கும் இவளை மாதிரியே பதினேழு வயசு. மறுநாளே வேன்ல ஏறினவன், புத்தகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கல. தங்கம் தோண்டுறேன்னு காட்டுக்குள்ள போற வரைக்கும் அவன்தான் குடும்பத்தைத் தாங்கினான். இப்ப எங்களுக்கு இவளை விட்டா வேற கதியில்ல சார்."

"கார் ஓட்டப்போறது உங்க பொண்ணா, நீங்களா? போய் அந்த மாமரத்தடியில நில்லுங்க."

பாஸ்கம் கறார் பேர்வழி. சொந்த மைத்துனனையே இரண்டு முறை ஃபெயிலாக்கியவர் என்று சாரிட்டி ஊர் முழுக்கப் பேச்சு. அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்ததும் கார் ஒரு பக்கமாகத் தாழ்ந்தது.

"மறுபடியும் நீயா? மூணு தடவையும் ஒரே தப்பு. கேட்டைத் தாண்டினதும் ரோட்டுக்கு வலது பக்கம் போயிடுற. இங்க இடது பக்கம்தான் போகணும்னு உனக்கு யாரும் சொல்லலையா?"

"தெரியும் சார். பதட்டத்துல..."

"வந்து எத்தனை வருஷமாச்சு?"

"பத்து வருஷம் சார்."

"பத்து வருஷமாகியும் உங்க ஊரு வலது பக்கப் பழக்கம் போகலையா? உங்க ஆளுங்க எல்லாருமே அந்த கேட்டுலதான் கோட்டை விடுறீங்க. போன வாரம் ஒரு தாத்தா இப்படித்தான் வலது பக்கம் போய் ஐஸ் வண்டிக்காரனை வாய்க்கால்ல இறக்கிட்டாரு. ம், எடு வண்டியை."

யுலெய்சி வண்டியை எடுத்தாள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே பின்னால் வந்து நிறுத்தச் சொன்னார். ஒரே மூச்சில் நிறுத்தினாள். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். கார் ஒரு அங்குலம்கூடப் பின்னால் வழுக்கவில்லை.

'என்னை விட நல்லா ஓட்டுறாளே' என்று நினைத்துக்கொண்டார் பாஸ்கம். வெளியே சொல்லவில்லை.

"சரி, கேட்டுக்கு வெளியே போ. நிதானமா."

கேட்டில் காரை நிறுத்தினாள். நெல் லாரி ஒன்று கடந்துபோகும் வரை காத்திருந்தாள். அதற்குப் பின்னால் வந்த சைக்கிளுக்கும் காத்திருந்தாள். இரண்டு பக்கமும் ஈ, காக்கை இல்லை என்று ஆனதும் ஒரு முறை கண்ணை மூடித் திறந்தாள். அப்புறம் வண்டியைத் திருப்பி நேராக வலது பக்கம் ஏறினாள்.

"ஐயோ, நிறுத்து! நிறுத்து!"

கார் நின்றது. பாஸ்கம் தலையில் கை வைத்துக்கொண்டார். "உன்னை என்னதான் பண்றது, சொல்லு?"

அவள் காரைத் திரும்ப மைதானத்துக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் அவள் மடியில் சொட்டியது.

பாஸ்கம் பேனாவைத் திறந்தார். மாமரத்தடியில் அந்த ஒற்றைக்கண் மனிதர் தொப்பியைக் கசக்கிப் பிடித்தபடி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பெற்ற பிள்ளைக்காக ஒரு மனிதன் இப்படியும் நிற்க வேண்டியிருக்கிறதே என்று இருந்தது பாஸ்கமுக்கு. அவருக்கும் இரண்டு பெண்கள். இருபது வருடச் சர்வீஸில் முதல் தடவையாக அவர் கறார் இளகியது.

"இங்க பாரு பொண்ணே. நீ ஓட்டத் தெரியாதவ இல்ல. அந்த ஒரு திருப்பம்தான் உன்னைக் கவுக்குது. நாலு நாள் ரோட்டுல ஓட்டினா அதுவும் சரியாயிடும். ரோடும் காலியாத்தான் இருந்தது. நான் எதையும் பார்க்கல, என்ன?"

காகிதத்தில் வேகமாக எழுதி, முத்திரையை ஓங்கிக் குத்தினார். தலையை வெளியே நீட்டி, "யோவ் பெரியவரே! உங்க பொண்ணு பாஸ்!" என்று கத்தினார்.

ஒஸ்வால்தோவின் தொப்பி ஆகாயத்தில் பறந்தது. அவர் மண்ணில் மண்டியிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். எழுந்து, காரை நோக்கி ஓடி வந்தார்.

யுலெய்சி விம்மி விம்மி அழ ஆரம்பித்தாள். பாஸ்கம் காகிதத்தை அவள் பக்கம் நீட்டினார்.

"அதான் பாஸ் போட்டாச்சே! அப்புறம் என்ன அழுகை? சந்தோஷமா சிரிச்சுக்கிட்டு அப்பாகிட்ட போ."

அவள் இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஓடி வரும் அப்பாவின் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று குரலை அடக்கிச் சொன்னாள்.

"ஃபெயில்னு மாத்திப் போடுங்க சார்... நான் ஸ்கூலுக்குப் போகணும்!"